குலம் கேட்காத மரம்

"இது உங்கள் குலத் தொழிலா?"

நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பட்டறையைக் காண வருவோரில் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி இதுதான். பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். முன்பு விறகு அடுக்கி வைத்திருந்த அறை. பத்தடி நீளம், எட்டடி அகலம். ஒரு பணிப்பலகை. சுவரிலே வாள், இழைப்புளி, உளி, அரம், மூலைமட்டம். மூலையிலே, வளைத்துக் காயவைத்த மரப்பட்டைகள். இந்த அறையில்தான் உக்குலேலே எனும் நான்கு நரம்பு இசைக்கருவியைக் கையால் செய்து வருகிறோம்.

எந்த மரம் என்று கேட்கலாம். எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்கலாம். செய்த கருவி இனிமையாக ஒலிக்கிறதா என்று, எடுத்து மீட்டிப் பார்த்தே அறியலாம். அவையெல்லாம் பிறகு வரும் கேள்விகள். முன்னே வந்து நிற்பது குலம்! "இல்லை" என்கிறோம். முகத்திலே ஒரு வியப்பு. அந்த வியப்புக்கு அடியிலே ஓர் ஐயம். தச்சர் வீட்டிலே பிறவாதவர் கையில் உளி நிற்குமா என்ற ஐயம். கேட்பவர் கெட்டவர் அல்லர், படித்தவர், பண்புள்ளவர். ஆயினும் அவர் நாவிலிருந்து அந்தக் கேள்வி தானாக வழுக்கி விழுகிறது. நூற்றாண்டுகளாகப் பழக்கப்பட்ட நா அல்லவா!

கை கற்றுக்கொள்வதா, பிறப்பு கொடுத்துவிடுவதா? இந்த வழக்கைத் தீர்க்க வேதாந்த விசாரணை வேண்டியதில்லை. நம் பணிப்பலகைமேல் கிடக்கும் சின்னஞ்சிறு கருவியே சான்று கூறும்.

கித்தாரின் குட்டித் தங்கை போன்ற உருவம். அதன் பொதுவான வகைகளில் மிகச் சிறியது, தலையிலிருந்து அடிவரை ஏறத்தாழ 53 செண்டிமீட்டர். குழந்தையின் கைக்கும் அடங்கும். ஆங்கிலம் பேசுவோர் 'யுகுலேலே' என்பர். அது பிறந்த ஹவாய்த் தீவுகளில் 'உக்குலேலே' என்பதே ஒலிப்பு. 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். நரம்புகளின்மீது விரல் துள்ளுவதைக் கண்டு வைத்த பெயராம். ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி, 'இங்கே வந்து சேர்ந்த பரிசு' என்று அதற்குப் பொருள் சொன்னார்.

பரிசு எங்கிருந்து வந்தது? அரண்மனையிலிருந்து அன்று, ஆலயத்திலிருந்தும் அன்று. கப்பலின் அடித்தட்டிலிருந்து வந்தது! 1879 ஆகஸ்டில், 'ரேவன்ஸ்கிராக்' எனும் கப்பல் நான்கு மாதக் கடற்பயணத்தை முடித்து ஹொனலுலுத் துறைமுகத்தை அடைந்தது. போர்த்துக்கீசியருக்குரிய மதைரா தீவிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்யப்பட்டோரும் அவர்தம் குடும்பத்தாருமாக நானூறுக்கும் மேற்பட்டோர் அதிலே வந்தனர். அவர்களில் மூவர் மரவேலை அறிந்தவர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாண்டோ. கரும்பு வெட்ட வந்த கைகள்! ஒப்பந்தக் கட்டு நீங்கியதும், 1880களின் நடுவிலே, ஹொனலுலு நகரில் சிறு பட்டறைகள் அமைத்தனர். தம் தீவின் 'மஷேத்தெ' எனும் சிறு கருவியை நினைவிற்கொண்டு, புதிய மண்ணின் மரமாகிய 'கோவா'வில் செதுக்கினர். அந்தக் கோவா, நம் கருவேலத்திற்குத் தூரத்து உறவு. போர்த்துக்கீசிய நினைவும் ஹவாய் மரமும் கலந்தன, உக்குலேலே பிறந்தது.

அரசர் கலாக்கௌவா அதனை அணைத்துக்கொண்டார். பாதிரிமார்கள் பாவமென்று பழித்த ஹூலா நடனத்தை மீண்டும் அவையேற்றியவர் அவர். அந்நிய நாட்டுக் கூலிகள் கொண்டுவந்த கருவி ஆயிற்றே, அரண்மனைக்கு ஆகுமா என்று அவர் கேட்கவில்லை. கூலியின் கருவி கோமகன் கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே ஒரு மக்களினத்தின் அடையாளமாகவும் ஆயிற்று. தூய்மை, தீட்டு என்று பேசுவோர் இந்த வரலாற்றைத் தொடமாட்டார்கள்; தொட்டால் சுடும்.

கூலியின் கருவி அரண்மனை ஏறியது. ஆனால் அந்த அரண்மனையே நிலைக்கவில்லை. 1893 சனவரியில், சர்க்கரை முதலாளிகளும் அவர்தம் கூட்டாளிகளும் அமெரிக்கப் படையின் நிழலிலே நின்று அரசி லிலியுஒகலானியை அரியணையிலிருந்து இறக்கினர். 1896-இல், பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்டது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. கையை அடக்க வருவோர் நாவையும் அடக்குவர். மொழிப் போர் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்மொழி மடியவில்லை. 1978-ஆம் ஆண்டின் அரசியல் திருத்தம் அதனை மீண்டும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கியது. பள்ளியிலே அம்மொழி பூட்டப்பட்டிருந்த நாட்களிலும், பாட்டிலே அதனைப் பாடிக்கொண்டிருந்தவர்களின் மடியில் இந்தச் சிறு கருவி இருந்தது.

இனி, நம் வழக்கிற்கு வலுவான சான்று வருகிறது. நூனெஸிடம் தொழில் பயின்றவர் சாமுவேல் கமாக்கா. அவர் போர்த்துக்கீசியர் அல்லர். ஹவாய் மண்ணின் மைந்தர். 1916-இல், கைமுக்கி எனும் பகுதியில் இருந்த தம் வீட்டின் நிலவறையில் அவர் உக்குலேலே செய்யத் தொடங்கினார். அன்னாசிப்பழ வடிவில் ஒரு புதுக் கருவியை அமைத்து, 1928-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் தொடங்கிய பட்டறை ஹொனலுலுவில் இன்றும் நடக்கிறது. எந்தக் குலம் அவருக்கு உளி எடுத்துக் கொடுத்தது? மதைராத் தீவின் தச்சர் கையிலிருந்து ஹவாய்க்காரர் கைக்குத் தொழில் தாவியதே, இடையிலே எந்தப் புராணம் பாலம் போட்டது?

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பட்டறையில் காது கேளாத தொழிலாளர்கள் பலர் பணிபுரிந்தனர். இசைக்கருவி செய்யும் இடத்திலே காது கேளாதோர்! இழைத்த பலகையை விரலால் தட்டுவர். அதிர்வு விரல்வழி ஏறும். பலகை போதிய மெலிவு பெற்றதா, இன்னும் இழைக்க வேண்டுமா என்று அதைக்கொண்டே அறிந்துகொள்வர். செவி மறுத்ததை விரல் கற்றது. பிறப்பினால் இன்னாருக்கு இன்ன தொழில் வராது என்று ஏடெழுதி வைத்தவர்கள், அந்த விரல்களுக்கு என்ன விடை சொல்வார்கள்?

நம் பட்டறைக்கு வருவோம். நாம் பயன்படுத்துவது பலாவும் மாவும். மாமரத்தில் உக்குலேலே செய்வது ஹவாயிலும் உண்டு. பலாவோ, வீணைக்குப் பெயர் பெற்ற மரம். பலகையை இரண்டு மில்லிமீட்டர்வரை இழைக்கிறோம். நீரில் நனைத்து, காய்ந்த இரும்புக் குழாயின்மேல் வைத்து மெல்ல அழுத்துகிறோம். மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் எனும் பொருள் வெப்பத்தில் இளகுகிறது. முரட்டுப் பலகை முறியாமல் வளைகிறது. ஆறிய பின், வளைந்தபடியே நிலைக்கிறது. யார் கை அழுத்தினாலும் வளையும்! ஈரமும் சூடும் பொறுமையும் சரியாக இருந்தால் போதும். மரம் கோத்திரம் கேட்பதில்லை.

அடுத்தது மெட்டு. கழுத்திலே பதிக்கும் உலோகக் கம்பிகள் ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும்? இங்கேதான் இசை தெய்வத்தின் அருளா, கணக்கின் விளைவா என்பது தெரியும். நரம்பு அதிரும் நீளம் 345 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதை 17.817-ஆல் வகுத்தால் 19.36. உச்சியிலிருந்து அத்தனை மில்லிமீட்டரில் முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் 18.28, அவ்வளவு தள்ளி இரண்டாம் மெட்டு. இப்படியே பன்னிரண்டு முறை சென்றால், நரம்பின் சரிபாதியில், 172.5 மில்லிமீட்டரில் வந்து நிற்போம். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு தாயி மேலே ஒலிக்கும்.

இந்த எண்ணும் வானத்திலிருந்து விழவில்லை. 1581-இல் இத்தாலியில் வின்சென்சோ கலிலெய் என்பார், நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து மெட்டு வைக்கலாம் என்று எழுதினார். வானத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து, பூமி சுற்றுகிறது என்றதற்காக 1633-இல் மதவாதிகளின் மன்றத்தில் நிறுத்தப்பட்டாரே கலிலியோ, அவருடைய தந்தைதான் இவர். பதினெட்டு நல்ல எண். ஆனால் முற்றிலும் சரியான எண் அன்று. பன்னிரண்டாவது மெட்டு வரும்போது நம் அளவில் ஒன்றேகால் மில்லிமீட்டர் பின்தங்கிவிடும். 1584-இல் சீனத்து இளவரசர் சூ சாய்யூ, இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தைக் கணக்கிட்டு நுட்பமான விடையைத் தந்திருந்தார். இன்று நாம் கொள்ளும் 17.817 அந்தக் கணக்கின் வழிவந்தது. முன்னோர் சொன்னார் என்பதற்காகப் பதினெட்டையே பூசித்துக்கொண்டிருந்தால் நரம்பு முரண்படும். முன்னோரை மதித்து, அளந்து, திருத்தி மேலே செல்வதே அறிவின் நெறி.

"நல்ல நேரம் பார்த்துத்தானே பலகை ஒட்டுகிறீர்கள்?" என்று கேட்டார் ஒருவர். பார்க்கிறோம்! நம் பஞ்சாங்கம், சுவரில் தொங்கும் ஈரமானி. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும். அந்நிலையில் தாங்குசட்டங்களை ஒட்டினால், சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது மேற்பலகை பிளக்கும். ஆகவே, காற்றின் ஈரம் பாதிக்குக் குறைந்த நாளே நமக்கு நன்னாள். அந்த நாளிலே ராகுகாலத்தில் ஒட்டிய பலகையும் இருக்கிறது. எமகண்டத்தில் ஒட்டிய பலகையும் இருக்கிறது. இரண்டும் இன்றுவரை பிரியவில்லை. வச்சிரப் பசைக்கு வாரசூலை தெரியாது, தோழர்களே!

இதுவரை படித்த இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "கைத்தொழிலை இப்படிப் புகழ்கிறீர்களே, இது எங்கே கொண்டுபோய் விடும்? உளியின் பெருமை பேசித்தானே நம்மை உளியோடு கட்டிவைத்தார்கள்?" கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு நம் விடையைக் காட்டிலும், நமக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்த தச்சுப் பெரியவரின் வாழ்வே நல்ல விடை.

1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே படிப்பு. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குச் சரியான பெயரிட்டது. பெரியாரும் அண்ணாவும் எதிர்த்தனர். கழகங்கள் களம் இறங்கின. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. ஏட்டிலே இது ஓராண்டு வரலாறு. நம் பெரியவர் அப்போது எட்டு வயதுச் சிறுவர். "பாதி நாளில் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவோம். கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் புத்தகம் படிப்பான். நான் அப்பாவுக்கு வாள் பிடிப்பேன். எனக்கும் கணக்குப் பிடிக்கும், தம்பி" என்றார் ஒருநாள். இன்று எண்பதைத் தாண்டிவிட்டவர். எழுபதாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கடைசி வாக்கியத்தில் ஈரம் காயவில்லை.

திட்டம் போயிற்று, வறுமை போகவில்லை. அவர் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஊரார் கதவும் கட்டிலும் செய்தே மக்களைப் படிக்கவைத்தார். பெயரன் இன்று பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறையில் ஒருநாள், தாத்தாவைத் தேடி நம் பட்டறைக்கு வந்தவன், பணிப்பலகைமேல் இருந்த இழைப்புளியை ஆவலோடு கையில் எடுத்தான். பெரியவர் பாய்ந்து வந்து பிடுங்கினார். "இது உனக்கு வேண்டாம். இதைத் தொடாதே!" அந்தக் குரலில் சினத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. எத்தனை பாடுபட்டு அறுத்த சங்கிலி! அது மீண்டும் பெயரன் காலைச் சுற்றிவிடுமோ என்ற அச்சம். பையன் முகம் வாடி வெளியேறினான். அன்று முழுதும் பெரியவர் பேசவில்லை. நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

இரு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான். கையிலே ஒரு தாள். பதினைந்து மெட்டுகளுக்கும் அளவு கணக்கிட்டு எழுதியிருந்தான். நரம்பை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுரம் சற்றே உயர்கிறதே, அதற்காகக் குதிரையை எவ்வளவு பின்னுக்கு நகர்த்த வேண்டும் என்பதையும் கேட்டு வந்திருந்தான். "இதை நானே பதித்துப் பார்க்க வேண்டும், தாத்தா. நீங்கள் சொல்லித் தருவீர்களா?" என்றான். பெரியவர் தாளை வாங்கினார். ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் மனக்கணக்காகவே சரிபார்த்தார். பிறகு, மெட்டுக்குக் காடி அறுக்கும் சிறு வாளை எடுத்து நீட்டினார். "எனக்கு யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. நீ கேட்டாய், அதனால் தருகிறேன். பிடிக்காவிட்டால் கீழே வைத்துவிடு. யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்."

தோழர்களே! நூறு மாநாட்டுத் தீர்மானங்களின் சாரம் அந்தச் சொற்களில் இருக்கிறது. கேட்டு எடுப்பது வேறு, கட்டிக் கொடுப்பது வேறு. கீழே வைக்கும் உரிமை இருந்தால் அது கலை. இல்லையேல் அதே கருவி விலங்கு. நாம் எதிர்த்தது உளியை அன்று; உளியோடு கையைப் பிணைத்த கயிற்றை.

அந்தக் கயிறு இன்னும் முழுதும் அறுபடவில்லை. இசையுலகையே பாருங்கள். மிருதங்கம் மேடையிலே மாலை வாங்குகிறது. அதற்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் பதம் செய்து, வார் இழுத்து, நாதம் கூட்டித் தருபவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கிறித்துவத்தைத் தழுவிய தலித் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இப்பணியில் உள்ளன. வாசிப்பவர் பெயர் அறிந்தோம். செய்தவர் பெயர் அறிந்தோமா? 2020-இல் இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எனும் நூலில் அவர்களின் வரலாற்றை எழுதியபோதுதான் பலர் கண் திறந்தது. தோலைத் தொடுவது ஒரு பிறப்புக்கு, அதில் எழும் நாதம் மற்றொரு பிறப்புக்கு என்று பிரித்துவைத்த கணக்கை விட மோசமான கணக்கு உண்டா?

ஒரு சொல் இயந்திரத்தைப் பற்றியும். கைவேலை பேசுவதால் நாம் ஆலையின் பகைவர் அல்லர். 'இனிவரும் உலகம்' எழுதிய பெரியாரின் வழி வந்தோர், உழைப்பாளியின் முதுகை நிமிர்த்தும் இயந்திரத்தை வெறுக்க முடியுமா? நம் பட்டறையிலும் மின்துளைப்பான் இருக்கிறது. ஆலைகளில் விரைவாகவும் மலிவாகவும் உக்குலேலே செய்கிறார்கள். ஏழைச் சிறுவன் கையிலும் ஒரு கருவி கிடைக்கிறதென்றால் மகிழ்ச்சியே. நாம் கையால் செய்வது ஆலையோடு போட்டியிட அன்று. ஒரு பலகை எப்படி ஓசையாகிறது என்பதைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒரு மனிதர் தம் கண்ணால், கையால், கணக்கால் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இதில் இருக்கிறது. அறியாததன்முன் கைகூப்பப் பழக்கப்பட்ட நாட்டில், அந்த அறிவு சிறிய பேறு அன்று.

இளைஞர்களே! படிப்பை விட்டுவிட்டு உளி எடுக்கச் சொல்லவில்லை. படித்த கை உளியைக் கண்டு கூசக்கூடாது; உளி பிடித்த கைக்குப் புத்தகம் மறுக்கப்படக்கூடாது. இவ்வளவே கேட்கிறோம். உங்கள் ஊரில் ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு தோல் தொழிலாளர் இருப்பார். அவர் பிள்ளை கல்லூரிக்குப் போகத் துணை நில்லுங்கள். பிறகு அவரிடமே சென்று, "ஐயா, உங்கள் தொழிலை எங்களுக்குக் கற்றுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். அவர் வியப்பார், "உங்களுக்கு எதற்கு?" என்பார். விடாதீர்கள். அங்காடித் தெருவின் பிள்ளையும் அக்கிரகாரத்தின் பிள்ளையும் சேரியின் பிள்ளையும் ஒரே பணிப்பலகையில் உட்கார்ந்து ஒரே அளவுகோலைப் பிடிக்கும் நாளில், குலத் தொழில் என்ற சொல்லே அகராதியின் பழஞ்சொல் பகுதிக்குப் போய்விடும்.

அந்த நாளை விரைவுபடுத்த அளவுகோலும் வேண்டும், உளியும் வேண்டும், புத்தகமும் வேண்டும். மூன்றும் எல்லோர்க்கும் வேண்டும்!